நீ சொன்னதாக நான் சொன்னது

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி சளி இருமல் அண்டாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் நினைத்துக்கொள்கிறேன். உடம்புக்கு என்று எழுதினேன், மனசைப் பற்றி எழுதவில்லை, அதற்குத்தான் இந்தக் கடிதம். ஞாயிற்றுக்கிழமையானால் முகத்தைப் பார்த்தே பேசுகிறோமே, இந்த மனுஷன் எதற்குப் பேனாவைத் தூக்கினார் என்று நீ நினைப்பாய். போன ஞாயிறு நீ கூப்பிட்டபோது அப்பா குளிக்கிறார் என்று அம்மா சொன்னாள் அல்லவா, நான் குளிக்கவே இல்லை கண்ணு. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தேன். உன் குரல் எனக்கு நன்றாகவே கேட்டது. அப்பா என்ன இவ்வளவு நேரமா குளிக்கிறாரு, சோப்பைத் தேய்க்கிறாரா திங்கிறாரா என்று கேட்டு நீ சிரித்தாய், எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வெளியே வரத் துணிவு வரவில்லை. உன் முகத்தைப் பார்த்தால் ஒன்று அழுதிருப்பேன், இல்லையென்றால் வழக்கம்போல எல்லாம் நல்லபடி என்று சொல்லிச் சமாளித்திருப்பேன். இரண்டாவதைச் செய்துவிடுவேன் என்றுதான் பயந்தேன்.

வீட்டுச் செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். சமையலறைக் குழாய் சொட்டுவதை ஒருவழியாக நிறுத்தியாயிற்று. அம்மாவுக்குப் புதுக் கண்ணாடி வந்துவிட்டது, வந்த நாளிலிருந்து வீட்டில் இருக்கிற தூசி எல்லாம் அவள் கண்ணுக்குத் தெரிகிறது, அத்தனைக்கும் நான்தான் காரணம் என்பதும் தெரிகிறது. மாடி வீட்டுக்காரர்கள் ஒரு நாய்க்குட்டி வாங்கியிருக்கிறார்கள், அது விடிவதற்கு முன்னால் நம் வாசலில் வந்து என் செருப்பை மட்டும் தூக்கிக்கொண்டு போகிறது, அம்மாவுடையதைத் தொடுவதே இல்லை. உன் அறை ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துப் போட்டிருக்கிறேன், நீ வரும்போது பார். நாள் முழுக்க ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக நின்றுகொண்டே நோயாளிகளுக்குச் சாப்பாட்டு முறை சொல்லிக் கொடுக்கிற வேலை உனக்கு, காலுக்கு நல்ல மெத்தென்ற ஷூவாக வாங்கிக்கொள். ஊருக்கெல்லாம் இதைத் தின்னு அதைத் தின்னு என்று சொல்லிவிட்டு மத்தியானம் நீ ஒரு ரொட்டித் துண்டைக் கடித்துக்கொண்டே ஓடுவதாக அம்மாவிடம் சொன்னாயாம், அது வேண்டாம். உனக்குச் சாப்பாட்டைப் பற்றிப் புத்தி சொல்கிற தகுதி எனக்கு இப்போது இல்லைதான், இருந்தாலும் பெற்றவன் வாய் சும்மா இருக்கிறதா, அந்த வாயால்தான் இத்தனையும் வந்தது.

என் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு ஈரலில் கொழுப்பு சேர்ந்திருக்கிறது என்று நீ எனக்குப் புதுச் சாப்பாட்டு முறை சொன்னாய் அல்லவா. அன்றைக்கு போலீஸ்காரர் மாதிரி என்னைக் குடைந்து குடைந்து கேட்டாய், எப்போது தூங்குகிறேன், என்ன மாத்திரை எடுக்கிறேன், டீக்கு எத்தனை கரண்டி சர்க்கரை, நடுவில் யாருக்கும் தெரியாமல் பிஸ்கட் தின்கிறேனா என்று. எல்லாம் கேட்டு முடித்துவிட்டுத்தான் சொன்னாய். இருட்டுவதற்குள் ராத்திரிச் சாப்பாட்டை முடிக்க வேண்டும், மறுநாள் பத்து மணி டீ இடைவேளை வரைக்கும் தண்ணீர் மட்டும்தான், தட்டில் பாதி காய்கறி. அதோடு நிறுத்தவில்லை நீ. உடம்பு இந்தச் சாப்பாட்டுக்குப் பழகுகிறவரை காலை யோகாவைப் பாதியாகக் குறைங்க, மெதுவா நீட்டி மடக்கி மூச்சுப் பயிற்சி மட்டும் செய்யுங்க, வேகமா சூரிய நமஸ்காரம் எல்லாம் வேண்டாம், ரெண்டையும் ஒரே நேரத்துல முறுக்காதீங்கப்பா, தலை சுத்தினா அங்கேயே உக்காருங்க என்று சொன்னாய். இது உங்களுக்கு மட்டும் சொல்றது என்றும் சொன்னாய். நான் சரி சரி என்று தலையாட்டினேன். பாதி காதில்தான் விழுந்தது, ஏனென்றால் என் மகள் எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் தையல் கம்பெனியில், துணி வெட்டுகிற கட்டிங் ஹாலில் காலை வேலை தொடங்குவதற்கு முன்னால் யோகா நடப்பது உனக்குத் தெரியும். குனிந்து குனிந்து துணி வெட்டி என் இடுப்பு போனபோது உடற்பயிற்சிச் சிகிச்சைக்காரம்மா கற்றுக்கொடுத்ததை நான் தனியாகச் செய்துகொண்டிருந்தேன், அப்புறம் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தார்கள். நர்ஸ் சீருடைக்கு வந்த நீலத்துணிச் சுருளைச் சுற்றியிருக்கும் பஞ்சுத் தாளைத் தரையில் விரித்துப் போட்டு, இரண்டு நீள மேஜைகளுக்கும் நடுவில் வரிசையாகப் படுப்பார்கள், நான் மேஜை முனையில் நின்று சொல்வேன். துணி வெட்டுவதால் ஏற்கெனவே என்னை மாஸ்டர் என்பார்கள், யோகாவும் சேர்ந்ததும் டபுள் மாஸ்டர் ஆகிவிட்டேன். அதுவே தலைக்கு ஏறியிருந்தது. அதன்மேல் நீ சொன்ன சாப்பாட்டு முறையில் என் வயிறு கொஞ்சம் உள்ளே போகவும் எனக்குத் தலைகால் புரியவில்லை. யோகாவைக் குறைக்கச் சொன்னாயே, நான் கூட்டினேன். குறைத்தால் மாஸ்டருக்கு வயதாகிவிட்டது என்பார்கள் என்று கூட்டினேன். வெறும் வயிற்றில் உடம்பு காற்று மாதிரி இருப்பதாகச் சொல்லி எல்லாரையும் சூரிய நமஸ்காரம் கூடுதல் சுற்று செய்யவைத்தேன். சவாசனத்தில் கண்ணை மூடிப் படுத்திருக்கிறவர்கள் எழுந்து ஓட முடியாது அல்லவா, அந்த நேரம் பார்த்துப் பிரசங்கத்தை ஆரம்பிப்பேன். என் மகள் சொன்னாள், என் மகள் சொன்னாள் என்று அதற்கொரு முன்னுரை. வெளிநாட்டு ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டர்களே அவளைக் கேட்டுத்தான் நோயாளிக்குச் சாப்பாடு கொடுப்பார்கள் என்று நான் பீற்றியதைக் கேட்டால் நீயே காதைப் பொத்திக்கொள்வாய். கொஞ்ச நாளில் ஹாலில் பாதிப் பேர் காலைச் சாப்பாட்டை நிறுத்திவிட்டார்கள். டீக்கடை அம்மா தட்டு நிறைய பன்னும் பிஸ்கட்டும் மிஞ்சுவதைப் பார்த்து, மாஸ்டர் உங்க பொண்ணு நல்லா இருக்கட்டும், ஆனா என் பொழப்புல ஏன் கை வைக்குது என்று கேட்டாள். அதையும் நான் பெருமையாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் அயர்ன் மேஜைக்காரரை உனக்கு நினைவிருக்கும், எல்லாரும் நீராவி என்று கூப்பிடுவோமே, நீ சின்னதாக இருக்கும்போது உன் பாவாடை மடிப்பைக் கத்தி மாதிரி தேய்த்துக் கொடுப்பார், அவர்தான். அவர் மனைவி எங்களிடமே பொத்தான் துளை போடுகிற காஜா மெஷினில் இருக்கிறாள், காஜா அக்கா என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். நீராவிக்குச் சர்க்கரை உண்டு, காலையில் மாத்திரை போடுகிறவர். ஒருநாள் பயிற்சி முடிந்து பஞ்சுத் தாளைச் சுருட்டும்போது என் பக்கத்தில் வந்து, மாஸ்டர் நான் சர்க்கரை மாத்திரை போடறேனே, நானும் பத்து மணி வரைக்கும் சாப்பிடாம இருக்கலாமா என்று கேட்டார். எனக்குத் தெரியாது கண்ணு. சத்தியமாகத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம், மகளைக் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லியிருக்கலாம், கையில் போன் இருந்தது. சுற்றி நாலு பேர் நின்றார்கள். டபுள் மாஸ்டருக்குத் தெரியாது என்று வாயில் வரவில்லை. என் மகளைக் கேட்டாச்சு, தாராளமா இருக்கலாம், மாத்திரைக்காரங்களுக்குத்தான் இது ரொம்ப நல்லதுன்னு சொன்னா என்று சொன்னேன். நீ சொல்லவே இல்லாததை உன் பேரில் சொன்னேன். சொல்லும்போது ஒரு துளி கூட நாக்கு குழறவில்லை, அதை நினைத்தால்தான் இப்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அப்புறம் நடந்ததை நீயே ஊகித்திருப்பாய், உன் படிப்பு அது. அவர் காலையில் மாத்திரையை மட்டும் போட்டுக்கொண்டு வந்து, என்னோடு கூடுதல் சுற்றும் செய்துவிட்டு, நேரே அந்த ஆவியில் போய் நின்றார். முதல் சில நாள் கை நடுங்குது மாஸ்டர் என்றார், பழகிரும் என்றேன். அப்புறம் ஒருநாள் டீ இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் அயர்ன் மேஜைப் பக்கம் சத்தம் கேட்டு ஓடினேன். மனுஷன் மேஜை மேலேயே சரிந்து கிடந்தார், இடது முன்கை மேல் அயர்ன் பெட்டி கிடந்தது. அதைத் தூக்கியது யார் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, நான் இல்லை. சூப்பர்வைசர் வண்டியில் போட்டுக்கொண்டு போனோம், ரத்தத்தில் சர்க்கரை அடியோடு இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக ஏற்றியதும் கண்ணைத் திறந்தார். உயிருக்கு ஒன்றும் இல்லை. கைதான் முழங்கைக்குக் கீழே இருந்து மணிக்கட்டு வரை வெந்துவிட்டது.

இனிமேல் எழுதப்போவதுதான் உண்மையான கடிதம். அங்கே இருந்த டாக்டர் உன் வயசுதான் இருப்பார், கோபக்காரர். சர்க்கரை மாத்திரையும் போட்டுக்கிட்டு பட்டினியும் கிடந்து உடற்பயிற்சியும் பண்ணச் சொன்னது யாரு என்று கேட்டார். காஜா அக்கா அழுதுகொண்டே, இதோ இவரோட பொண்ணுதான் சார், வெளிநாட்டுல சாப்பாட்டு நிபுணரா இருக்குது என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். படிச்சவங்களே இப்படி ஆளைப் பாக்காம சொன்னா என்ன பண்றது, அந்தப் பொண்ணுக்கு யாரு வேலை குடுத்தாங்க என்றார். நான் அங்கேதான் நின்றேன் கண்ணு. காஜா அக்காவுக்கும் டாக்டருக்கும் நடுவில், கையெட்டும் தூரத்தில். என் மகள் அப்படிச் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன் என்று ஒரே ஒரு வார்த்தை. தரையில் ஒரு ஓடு விரிசல் விட்டிருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் திரை விலக்கி உள்ளே போய்விட்டார். உன்னைப் பெற்று வளர்த்துப் படிக்கவைத்து, கடைசியில் எவனோ ஒருவன் உன்னைக் கேவலமாகப் பேசும்போது எனக்குக் கவசமாக உன்னைப் பிடித்து நிறுத்திவிட்டேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. அப்புறம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் எல்லாம் தானாக உடைந்து வெளியே வந்துவிட்டது. அவள் திட்டவில்லை. அவ பேரை இழுத்தது நீங்க, நீங்களே போய்ச் சரி பண்ணுங்க, நான் அவகிட்ட சொல்லமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டு என் தட்டையும் சேர்த்துக் கழுவப் போய்விட்டாள். அந்த ஞாயிறுதான் வாளி மேல் உட்கார்ந்தது. மறுநாள் கட்டு மாற்றுகிற பிரிவில் அந்த டாக்டரைத் தேடிப் போனேன், வேண்டுமென்றே காஜா அக்கா வராத நேரமாகப் பார்த்து. சார், அன்னைக்கு நீங்க திட்டினீங்களே ஒரு பொண்ணை, அவ அப்படிச் சொல்லவே இல்லை, நான்தான் பொய் சொன்னேன் என்றேன். அவர் எந்தப் பொண்ணு என்றார். விளக்கிச் சொன்னேன். ஓ, அதுவா, சரிங்க, இனிமே கவனமா இருங்க என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். அவருக்கு நினைவே இல்லை. சரி, ஊர் மறந்துவிட்டது, நான்தான் பெரிதுபடுத்துகிறேன் என்று எனக்கு வெட்கம்கெட்ட ஒரு நிம்மதி வந்தது. அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன், அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

நீராவியை அவர் வீட்டில் பார்க்கப் போகும்போதெல்லாம் அவர் என்னைத் தேற்றுவார், அது வேறு கொடுமை. மாத்திரையை நான்தானே போட்டேன் மாஸ்டர், நீங்க ஊட்டியா விட்டீங்க என்பார். ஆறியதும் மணிக்கட்டுப் பக்கம் தோல் இறுக்கிப் பிடிக்கும், பயிற்சி செய்தால்தான் இளகும் என்கிறார்களாம். பெட்டியைத் தள்ளுகிற வலது கைக்கு முன்னால் துணியின் சுருக்கத்தை நீவிக்கொண்டே போகிறது இடது கைதான், அது மடங்காவிட்டால் அவர் அயர்ன் மேஜைக்குத் திரும்ப முடியாது, மடித்து அடுக்குகிற பிரிவில் உட்கார வேண்டியதுதான். இவ்வளவுக்கும் பிறகு அவர் என்னிடம் கேட்டது என்ன தெரியுமா, உங்க பொண்ணுகிட்ட கேட்டுச் சொல்லுங்க மாஸ்டர், இந்தப் புண்ணு ஆறுறதுக்கு நான் என்ன சாப்பிடணும், சர்க்கரையும் ஏறக்கூடாது என்று. கேட்டுச் சொல்கிறேன் என்று வந்தேன், கேட்கவில்லை, உன்னைக் கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டுமே. அடுத்த தடவை போனதும் கேட்டீங்களா என்றார். கேட்டேன் என்று சொல்லிவிட்டேன் கண்ணு. சொன்னது மட்டுமா, அவ முட்டை நிறைய என்று வாய் அடுத்த வார்த்தைக்கும் போய்விட்டது. அந்த இடத்தில் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டுப் போட்ட கை கண் முன்னால் கிடக்கிறது, அந்தக் கைக்கே திரும்பவும் உன் பேரில் ஒரு பொய்யை ஊற்றப் போகிறேன். நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன், நீ எனக்கு மட்டும் சொன்னது, யோகாவைக் குறைக்கச் சொன்னது, மாத்திரையைப் பற்றி நான் கேட்கவே கேட்காதது, இப்போதும் கேட்காதது, ஆஸ்பத்திரியில் வாயை மூடிக்கொண்டு நின்றது எல்லாம். நீராவி கட்டு ஓரத்தில் பிரிந்திருந்த நூலைச் சுருட்டிக்கொண்டே இருந்தார். காஜா அக்கா எனக்கு டீ கொண்டுவந்தவள் கதவருகே நின்று முழுவதையும் கேட்டாள். டீயைக் கீழே வைக்காமல் உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாள் காலை ஹாலிலும் சொன்னேன். யாரையும் படுக்கச் சொல்லவில்லை, நிற்கவைத்துச் சொன்னேன். மாத்திரை போடுகிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் ஒரு வேளையும் விடாதீர்கள், காலையில் ஏதாவது வயிற்றில் போட்டுக்கொண்டு வாருங்கள், இதையும் என் மகள் சொன்னதாக நினைக்காதீர்கள், டாக்டரைக் கேளுங்கள் என்றேன். எல்லாரும் மேஜையைப் பார்த்தார்கள். அப்ப நாளையிலேருந்து பன்னு கொண்டுவரலாமா என்று டீக்கடை அம்மா கேட்டாள், யாரோ சிரித்தார்கள், கூட்டம் கலைந்தது. இப்போதைக்கு நான் பயிற்சி சொல்லிக்கொடுப்பதில்லை. நான் மட்டும் வீட்டில் நீ சொன்னபடி பாதியாகக் குறைத்துச் செய்கிறேன், தலை சுற்றினால் உட்காருகிறேன். இப்படி ஆரம்பத்திலேயே செய்திருக்கலாம்.

அன்று மத்தியானம் நான் துணி விரித்துக்கொண்டிருந்தபோது காஜா அக்கா என் மேஜைக்கு வந்தாள். திட்ட வருகிறாள், வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் என்று கத்தரியைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அவள் திட்டவில்லை. மாஸ்டர், அவருக்குக் கை வெந்த நாள்லேருந்து நான் உங்க பொண்ணைத்தான் திட்டிக்கிட்டு இருக்கேன், வாய் வலிக்கத் திட்டிட்டேன், முகம்கூடச் சரியா ஞாபகம் இல்லாத பிள்ளையை நாசமாப் போகணும்னு சொல்லிட்டேன், நான் பெத்ததுகளும் தூரத்துலதான் இருக்குதுங்க, என்னை மன்னிச்சிருன்னு அந்தப் பிள்ளைகிட்டச் சொல்லுங்க என்றாள். சொல்லிவிட்டு மெஷினுக்குப் போய்விட்டாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. புருஷன் கை வெந்தவள் அவள், பேர் கெட்டவள் நீ, அவள் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள், அதை எடுத்துக்கொண்டு வருகிற ஆளாக நான் நிற்கிறேன். என் மன்னிப்பை அதற்குப் பக்கத்தில் வைக்கக்கூட எனக்குக் கூசுகிறது, இருந்தாலும் வைக்கிறேன் கண்ணு.

என்னோடு எப்போது பேச வேண்டும் என்று தோன்றுகிறதோ அப்போது பேசு, அவசரமில்லை, இனி ஒளிந்துகொள்ள மாட்டேன். உன் வேலையில் எந்தக் குறையும் வராமல், உன் சொல்லைக் கேட்டு நாலு பேர் எழுந்து நடக்கிற கைராசியோடு நீ நன்றாக இருக்க வேண்டும். ஆசீர்வாதம் என்று பெரிய வார்த்தை போட இன்றைக்கு மனசு வரவில்லை, ஆனாலும் அப்பா மனசு முழுக்க உன்மேல்தான். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. நீராவி வீட்டுப் போன் நம்பரை இந்தத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன். அவர் என்ன சாப்பிட வேண்டும் என்று அவரையே கேட்டு, அவரிடமே சொல். காஜா அக்காவுக்குச் சொல்ல வேண்டியதையும் அவளிடமே சொல். என்னிடம் எதையும் சொல்லி அனுப்பாதே.

உன் அப்பா